முதல் தர முழுப்போலி

அப்துல் கஃபாருக்கு ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை கிடையாது, ரத்தக் கொதிப்பு கிடையாது, முட்டிவலி கிடையாது. ஒரே ஒரு வியாதிதான். அதுவும் உடம்பில் இல்லை, எதிர்ச்சாரியில் இருந்தது. பெயர் செல்வகுமார்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடும் வீதியில் கஃபார் முப்பத்தொரு வருஷமாகக் கவரிங் நகைக் கடை வைத்திருந்தார். மகள் பிறந்த வருஷம் ஆரம்பித்ததால் ‘நூரீன் கவரிங்’. பத்தடிக்கு எட்டடி இடம், மூன்று கண்ணாடிப் பெட்டி, வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி. செம்பில் செய்த நகைக்குச் சிதம்பரத்தில் தங்க முலாம் பூசி வாங்கிவந்து விற்பார். பூச்சு மைக்ரான் கணக்கில் மெல்லியதுதான், ஆனாலும் தங்கம். வியர்வையில் ஊறினாலும் ஒரு வருஷம் கறுக்காது. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் கல்யாணத்துக்கு வந்து வாங்கும். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு, கழுத்தில் கிடந்ததை அடகுக் கடையில் வைத்துவிட்டு, ஊருக்கு பஸ் ஏறுமுன் அதே மாதிரி ஒன்று தேடி வருகிற பெண்களும் உண்டு. அவர்கள் காரணம் சொல்வதில்லை. கஃபார் கேட்பதில்லை. மாதிரி மட்டும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு தங்கை கல்யாணத்துக்கு நகை வாங்க வந்தவன்தான் செல்வகுமார். தங்கை நகையைப் பார்த்தாள், இவன் கடையைப் பார்த்தான். “இதெல்லாம் எங்க பூசறாங்க பாய்?” என்று கேட்டான். அந்தக் கேள்வியில் இருந்த மரியாதையில் கஃபாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடவே சிதம்பரத்துக்கு அழைத்துப் போய், பூசுகிறவரை அறிமுகப்படுத்தி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரியாணியும் வாங்கிக் கொடுத்தார். ஐந்து வருஷம் கழித்து அவன் நேர் எதிரே கடை போட்டான். மனைவி பெயரில் ‘சிவசங்கரி கவரிங்’. இரண்டு மாடி, ஏசி, வாசலில் தலையில்லாத இரண்டு வெள்ளைக் கழுத்துப் பொம்மைகள். முதலில் சிதம்பரத்துச் சரக்குதான் விற்றான். அப்புறம் எங்கிருந்தோ வெறும் பித்தளையில் மஞ்சள் வார்னிஷ் அடித்த சரக்கை இறக்கினான். பளபளப்பு கண்ணைப் பறிக்கும். ஒரே மாதத்தில் கழுத்தைச் சுற்றிப் பச்சையாகக் கோடு விழும். ஆனாலும் அங்கேதான் கூட்டம்.

கஃபார் அந்த பிரியாணியை ஏழு வருஷமாக மறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அவர் கடை திறந்தபோது எதிர்க்கடை வாசலில் சனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. கண்ணாடி போட்ட ஒரு சட்டம், அதைச் சுற்றி சீரியல் பல்பு, மேலே சாமந்தி மாலை. கஃபார் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தார். கண் சரியாகத் தெரியவில்லை. சாப்பாட்டுக் கேரியருடன் வந்த மனைவி ரமீஜாவை அனுப்பிப் படித்துவிட்டு வரச் சொன்னார்.

“சர்ட்டிபிகேட்டாம்” என்றாள் திரும்பி வந்த ரமீஜா. “முதல் தர முழுப்போலின்னு போட்டிருக்கு. அரசாங்க முத்திரை குத்தியிருக்கு.”

“போலின்னா போட்டிருக்கு? அதுக்கா மாலை போட்டிருக்கான்?”

“முதல் தரம்னு இருக்கே.”

தன்னைப் போலி என்று ஒருத்தன் சொன்னால் அடிக்கப் போகிறவர்தான் கஃபார். ஆனால் எதிர்க்கடைக்காரன் முதல் தரப் போலியாகவும் தான் எந்தத் தரமும் இல்லாத போலியாகவும் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. கேரியரை அவர் திறக்கவே இல்லை.

சான்றிதழ் கொடுத்த வாரியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தங்கத்துக்குத் தர முத்திரை இருக்கிறது, தங்கம் அல்லாததற்கு இல்லையே, இதனால் போலி நகை வாங்கும் ஏழை எளிய மக்கள் அது உண்மையிலேயே போலிதானா என்று தெரியாமல் தவிக்கிறார்களே என்று யாரோ ஒரு பெரிய மனிதர் கூட்டத்தில் கண்கலங்கியதில் பிறந்தது அது. பிறந்த பின் இரண்டு வருஷம் பெயர் இல்லாமல் இருந்தது. கவரிங் என்றால் ஆங்கிலம். முலாம் என்றால் எங்கிருந்து வந்த சொல் என்று விசாரிக்க ஒரு துணைக்குழு. சாயல் என்றால் கவிதை போல் இருக்கிறது என்று நிதித்துறை திருப்பி அனுப்பிவிட்டது. பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் ஓர் உறுப்பினர், பிரெஞ்சில் போலிக்கு ‘ஃபோ’ என்பார்கள், இரண்டே எழுத்தில் முடிந்துவிடும், பலகைச் செலவு மிச்சம் என்றார். ‘ஃபோ நகைக் கடை’ என்று எழுதி வைத்தால் வாசலுக்கு வருகிறவர்களைப் போ என்று விரட்டுவது போல் இருக்கும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். கடைசியில் ‘நிகர்பொன்’ என்ற சொல் பிறந்தது. அதை உண்டாக்கியவருக்குச் சால்வை போர்த்தினார்கள். வாரியம் ‘நிகர்பொன் மெய்ந்நிலை வாரியம்’ ஆயிற்று. பங்குனிக்குள் சான்றிதழ் வாங்காத கடைகள் மூடப்படும் என்று அறிக்கையும் வந்தது.

திங்கட்கிழமை கஃபார் மூலக்குளத்தில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய வாரியத்துக்குப் போனார். ஹேமலதா என்ற ஆய்வாளர் இருந்தார். அமைதியான பெண்மணி. எதைச் சொன்னாலும் வருத்தப்பட்டுத்தான் சொன்னார். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்து முகம் வாடினார்.

“சார், பொருளின் பெயர்ங்கிற இடத்துல கவரிங்னு எழுதியிருக்கீங்க. அது இப்ப செல்லாது.”

“சரிம்மா. போலின்னு எழுதிடட்டுமா?”

“ஐயோ, போலிங்கிறது குற்றச்சாட்டு. உங்க மேல நீங்களே குற்றம் சாட்டிக்கிட்டா நாங்க போலீசுக்கு அனுப்பணும்.”

“எதிர்க்கடை சர்ட்டிபிகேட்டுல முழுப்போலின்னு இருக்குதே?”

“அது நாங்க சொல்றது சார். நாங்க சொன்னா தரம். நீங்க சொன்னா வாக்குமூலம்.”

“டூப்ளிகேட்?”

“அது சாவிக்கு.”

“இமிடேஷன்?”

“ஆங்கிலம்.”

“டூப்பு?”

“சினிமாவுல குதிக்கிறவங்களுக்கு அந்தப் பேர ஒதுக்கிட்டாங்க.”

கஃபார் பேனாவை மூடிவிட்டார். “நான் விக்கிற பொருளுக்கு என்னா பேருன்னு நீங்களே சொல்லிடுங்கம்மா.”

ஹேமலதா நிகர்பொன் என்று ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார். கஃபார் அதைப் பார்த்து எழுதினார். முப்பத்தொரு வருஷமாக அதைத்தான் விற்று வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த கேள்வி: ‘இப்பொருள் எந்த அசலின் போலி? அசலின் உரிமையாளரிடம் பெற்ற தடையின்மைச் சான்றை இணைக்கவும்.’

“லட்சுமி ஆரம்மா இது. அசலுக்கு ஓனர்னா யாரு, லட்சுமியா?”

“கையெழுத்து வாங்க முடியுமா சார்?”

“அவங்க என் கடைப் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சும்மா.”

ஹேமலதா வருத்தத்துடன் அந்த இடத்தில் ‘முயன்றும் கிடைக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் ஒரு சின்ன இயந்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கே வந்தார். கஃபார் தன் சரக்கில் ஆகச் சிறந்த அட்டிகையை எடுத்து வைத்தார். எதிர்க்கடை வாசலில் செல்வகுமார் பொம்மைக் கழுத்தைத் துடைப்பது போல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இயந்திரம் முனகியது. ஹேமலதா திரையைப் பார்த்தார், கஃபாரைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“சார், நான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இதுல தங்கம் இருக்கு.”

“இருக்கும்மா. மேல பூசறதே அதானே.”

“தெரிஞ்சேதான் கலந்திருக்கீங்களா?”

“முப்பது வருஷமா.”

ஹேமலதா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து மெதுவாக எழுதினார்: ‘போலியில் அசல் கலப்படம் செய்தமை.’ விதியை அவரே விளக்கினார். தங்கத்தில் செம்பைக் கலந்தால் கலப்படம் என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் செம்பில் தங்கத்தைக் கலந்தால் அது மட்டும் எப்படிக் கலப்படம் ஆகாது?

“எதிர்க்கடை சரக்குல?” என்று கேட்டார் கஃபார்.

“சுத்தம் சார். பொட்டுத் தங்கம் கிடையாது. அப்படி ஒரு தூய்மைய நான் பாத்ததே இல்ல.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பக்தி இருந்தது.

அந்தக் குரல்தான் கஃபாரை அறுத்தது. அபராதம் என்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். எதிரே ஏசி காற்றில் நின்று சிரிக்கிறவனுடைய பித்தளையைப் பற்றி ஒரு படித்த பெண் அப்படி உருகிப் பேசியதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாரியத் தலைவர் டாக்டர் தமிழ்மாறன் நல்ல உயரம், கஞ்சி போட்ட வேட்டி, பத்து விரலில் ஆறில் மோதிரம். டாக்டர் பட்டம் எங்கே வாங்கியது என்று கேட்டால் தபாலில் வந்தது என்று பெருமையாகச் சொல்வார்.

“உக்காருங்க பாய். நான் வெளிப்படையா பேசறவன்” என்று ஆரம்பித்தார். “இந்த வாரியம் எதுக்கு? மக்களுக்கு நம்பிக்கை குடுக்க. ஒரு பொருள் முழுக்க போலியா இருந்தா அத முழுசா நம்பலாம். கொஞ்சம் அசல் உள்ள வந்துடுச்சின்னா சந்தேகமும் கூடவே வந்துடும். என்னையே எடுத்துக்குங்க. நான் பொறுப்புத் தலைவர். அசல் தலைவர நாலு வருஷமா போடல. இந்த மாடி வாடகை. கீழ நிக்கிற கார் வாடகை. அந்த மெஷின்கூட காட்டறதுக்குன்னு எடுத்தாந்தது, திருப்பிக் குடுக்கல. சர்ட்டிபிகேட்டுல இருக்கிற என் கையெழுத்து ரப்பர் ஸ்டாம்பு. இது வரைக்கும் ஒருத்தர் ஒரு குறை சொல்லியிருப்பாங்களா? ஏன்னா இங்க கலப்படம் இல்ல. எல்லாமே ஒரே தரம்.”

ஹேமலதா குறிப்பு எடுத்துக்கொண்டார்.

“சார், தங்கம் இருந்தா சனத்துக்கு நல்லதுதானே?” என்றார் கஃபார்.

“அங்கதான் தப்பு பண்றீங்க. இன்னிக்கிக் கவரிங்ல தங்கத்தப் பாத்தா, நாளைக்கித் தங்கத்துல தங்கம் இருக்கான்னு கேப்பாங்க. அப்பறம் ஆபீசுல அதிகாரி இருக்காரான்னு கேப்பாங்க. இது எங்க போயி நிக்கும்?”

முடிவையும் சொன்னார். பதினைந்து நாளில் சரக்கிலிருந்து தங்கப் பூச்சை நீக்கிச் சுத்திகரிக்க வேண்டும். நீக்கிய தங்கத்தை வாரியத்தில் ஒப்படைக்க வேண்டும். அது அங்கே ‘பறிமுதல் அசுத்தம்’ என்ற பெயரில் பத்திரமாக வைக்கப்படும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கஃபாருக்குக் கடை மூடப்படும் பயத்தைவிடச் செல்வகுமாரின் சீரியல் பல்புதான் கண்ணுக்குள் எரிந்தது. சுத்திகரித்தால் என்ன? தன் சரக்கும் சுத்தமாகிவிட்டால் தானும் முதல் தரம். செல்வகுமாரின் சட்டத்தைவிடப் பெரிய சட்டமாகப் போடலாம். மறுநாளே ஒரு அட்டைப்பெட்டி நிறைய வார்னிஷ் பித்தளையை வாங்கிவந்து முதல் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினார். ரமீஜா பெட்டியையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள்.

“அவன மாதிரியே ஆவணுமா உங்களுக்கு?”

“அவன மாதிரி இல்ல. அவனுக்கு மேல.”

அன்று மத்தியானம் ராஜாம்பாள் வந்தாள். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். இருபது வருஷ வாடிக்கை. நாத்தனார் கழுத்தில் புதுச் செயினைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது உட்கார்ந்த வேகத்திலேயே தெரிந்தது. கஃபார் பித்தளையில் ஒன்றை எடுத்து வைத்தார். ராஜாம்பாள் அதைக் கையில் வாங்கினாள். ஒரு தரம் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

“இது உங்க சரக்கு இல்லியே பாய்.”

“புதுசும்மா. சுத்தமானது.”

“எம்மூட்டு நாத்தனா கழுத்துல கெடக்கறதே இதான். எதிர்க்கடையில வாங்குனா. நான் எதுக்கு இங்க வந்தேன்? அவளுது பச்சையாவும்போது எனுது மஞ்சளா இருக்கணும்னுதான வந்தேன்.”

கஃபாருக்கு முகம் சுருங்கிவிட்டது. ராஜாம்பாளுக்குப் பழைய சரக்கிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பினார். பிறகு பித்தளையை ஒவ்வொன்றாக எடுத்து அட்டைப்பெட்டிக்குள் போட்டு நாற்காலிக்கு அடியில் காலால் தள்ளினார். தன்னை நம்பி ஒருத்தி நாத்தனார்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு அத்தனை தூரம் வருகிறாள் என்பது அவருக்குப் பெரிய பொறுப்பாகத் தோன்றியது.

பதினைந்தாம் நாள் வாரியத்துக்குப் போய், சுத்திகரிக்க முடியாது, வேண்டுமானால் கடையை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கூட வந்திருந்த ரமீஜா வாசலில் நின்று துஆ ஓதிக்கொண்டிருந்தாள்.

ஹேமலதா விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மூடுவதற்கு முன் தொண்ணூறு நாள் பொதுமக்களை எச்சரிக்க வேண்டும். கடை மூடியிருந்தால் பொதுமக்கள் வர மாட்டார்கள். வராதவர்களை எச்சரிக்க முடியாது. ஆகவே தொண்ணூறு நாளும் கடை கட்டாயம் திறந்திருக்க வேண்டும். மறுநாள் அவரே வந்து ‘நூரீன் கவரிங்’ பலகைக்குக் கீழே பசை தடவி ஒரு தாளை ஒட்டினார்.

‘எச்சரிக்கை. இக்கடையில் விற்கப்படும் நிகர்பொன் அணிகலன்களில் அசல் தங்கம் கலந்திருப்பது அரசு ஆய்வில் ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ கீழே வட்ட முத்திரை, தலைவரின் ரப்பர் கையெழுத்து.

கஃபார் அவமானத்தில் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிஷம் கழித்து ஒரு பெண் குரல் வாசலில் எழுத்துக் கூட்டிப் படித்தது. “அசல் தங்கம்... அரசு ஆய்வில்... நிரூபிக்கப்பட்டுள்ளது.” அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. யாரையோ கூப்பிட்டாள்.

சாயங்காலத்துக்குள் வீதியில் ஆட்டோ போக வழியில்லை. இரண்டு நாற்காலியில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள். கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் விற்கும் பெண்கள் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துக் கூட்டமாக வந்து இறங்கினார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் எச்சரிக்கையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, “இவ்ளோ நாளா ஏன் பாய் சொல்லல?” என்று கோபித்துக்கொண்டார். ரமீஜா வீட்டு வேலையை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் நின்றாள்.

மூன்றாம் நாள் கஃபார் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஏசி கடை வாசலில் செல்வகுமார் இடுப்பில் கைவைத்து நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையைக் கஃபாருக்கு நன்றாகத் தெரியும். ஏழு வருஷமாக அவர் பார்த்த பார்வைதான். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க அது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். அன்று அவர் வேண்டுமென்றே மூன்று தடவை வாசலுக்கு வந்து எச்சரிக்கையின் மூலையை நீவிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் செல்வகுமார் வீதியைக் கடந்து வந்தான்.

“பாய், நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“அந்த நோட்டீசு எப்படி பாய் வாங்குனீங்க?”

“குடுத்தாங்க.”

“யார புடிச்சீங்க?”

“யாரயும் புடிக்கல. தப்பு பண்ணேன். குடுத்தாங்க.”

செல்வகுமார் நம்பவில்லை. “ஒரு காலத்துல கூட்டிக்கினு போயி எல்லாம் சொல்லிக் குடுத்தீங்க. இப்ப மறைக்கிறீங்க. மனசு மாறிப்போச்சு பாய் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு நேரே மூலக்குளத்துக்கு ஆட்டோ பிடித்தான்.

அங்கே அவன் தன் சரக்கிலும் தங்கம் இருப்பதாகவும், இத்தனை நாள் மறைத்துவிட்டதாகவும், தன்னை உடனே எச்சரிக்க வேண்டும் என்றும் மனு கொடுத்தான். ஹேமலதா இயந்திரத்தை வைத்துப் பார்த்தார். பொட்டுத் தங்கம் இல்லை. போலித்தனமாகத் தன்னைக் கலப்படக்காரன் என்று சொல்லிக்கொண்டதற்காக அவன்மேல் நடவடிக்கை எடுக்க விதி தேடினார். விதி இல்லை. அதற்குள் வீதியில் இருந்த மற்ற ஒன்பது கடைக்காரர்களும் இதே மனுவோடு மாடிப்படி ஏறிவிட்டார்கள். ஒருவர் தன் சரக்கில் பிளாட்டினமும் இருக்கலாம் என்று சந்தேகம் தெரிவித்திருந்தார்.

தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். ‘சிறப்பு எச்சரிக்கைத் திட்டம்’ பிறந்தது. தொடக்க விழா செல்வகுமார் கடை வாசலில் பந்தல் போட்டு நடந்தது. கஃபார் தன் கடையில் உட்கார்ந்தபடியே கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய ஒலிபெருக்கி.

“பெரியோர்களே, தாய்மார்களே! எச்சரிக்கை என்பது ஒரு சிலருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இருந்தது. அந்த அநீதியை இந்த வாரியம் இன்று உடைத்தெறிகிறது. இனி யார் வேண்டுமானாலும் எச்சரிக்கை பெறலாம். ஆய்வு கிடையாது. ஏன் ஆய்வு? ஆய்வு செய்தால்தானே இருக்கிறது, இல்லை என்ற பாகுபாடு வருகிறது? நாங்கள் பாகுபாடு பார்ப்பவர்கள் அல்ல. தங்கம் இருக்கிறவனையும் எச்சரிப்போம், இல்லாதவனையும் எச்சரிப்போம். கட்டணம் கட்டியவன் எவனையும் எச்சரிக்காமல் விடமாட்டோம்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

புது எச்சரிக்கை கெட்டி அட்டையில் வந்தது. பொன்னிற ஹோலோகிராம், சாய்த்துப் பார்த்தால் ஒரு மயில் தோகை விரிக்கும். அது இல்லாத எச்சரிக்கைகள் செல்லாது என்று ஆணை. மறுநாள் ஹேமலதா ஒரு தகடும் கிண்ணத்தில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கஃபார் கடைக்கு வந்தார். உள்ளே நாலைந்து பேர் நகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், மன்னிக்கணும். உங்க எச்சரிக்கையில மயில் இல்ல.”

“நீங்களே ஒட்டுனதும்மா இது.”

“ஆமா சார். ஆனா இப்ப இது போலி எச்சரிக்கை. பொதுமக்கள் ஏமாந்துடுவாங்க.”

தாளை நனைத்து, கவனமாகச் சுரண்டி எடுத்தார். உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “போலியாமே” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். பார்த்துக்கொண்டிருந்த வளையலை வைத்துவிட்டு எழுந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் எழுந்தார்கள். வீதியைக் கடந்து நேரே மயிலுக்குப் போனார்கள்.

“நீங்களும் விண்ணப்பம் போடுங்க சார்” என்றார் ஹேமலதா நிஜமான வருத்தத்துடன். “உங்களுக்கு முன்னுரிமை உண்டு. நீங்கதான இதுக்கெல்லாம் முன்னோடி.”

கஃபார் விண்ணப்பம் போடவில்லை. போடக் கூடாது என்று ரமீஜா மூன்று நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் கண்ணை என்ன செய்வது? வெயில் மேற்கே சாயும்போது எதிர்க்கடை மயில் அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து தோகை விரித்தது. அட்டிகைமேல் ஏறி நடந்தது. நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தால் முகத்திலேயே வந்து ஆடியது.

அப்படி ஒரு சாயங்காலம் ராஜாம்பாள் வந்தாள். அக்காள் மகளுக்குச் செயின் வேண்டும் என்றாள். நாத்தனாருடையது பச்சையாகிவிட்டது என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிச் சிரித்தாள். கஃபார் நாலு செயின் எடுத்து வைத்தார். அவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கட்டச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“அங்க என்னா பாய் அப்படி மின்னுது?”

“எச்சரிக்கை.”

“உங்க கடையிலயும் ஒன்னு ஒட்டியிருந்துச்சே?”

“அது போலியாம்.”

“அப்ப அங்க இருக்கறது?”

கஃபார் பொட்டலத்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். ராஜாம்பாள் எழுந்து கொண்டையைச் சரிசெய்தாள். “கட்டி வைங்க. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன். சும்மா பாக்கத்தான்.”

கட்டிய பொட்டலம் மேஜைமேல் இருந்தது. மின்விசிறி சுற்றியது. கஃபார் கொஞ்ச நேரம் பொட்டலத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தார். பிறகு ரமீஜாவைப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

ஏழு வருஷத்தில் அவர் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை.

“வாங்க பாய்!” என்று செல்வகுமார் ஓடிவந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. “நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். பாருங்க, நல்லா கிட்ட வந்து பாருங்க. டேய், பாய்க்கு ஒரு சேர் போடு.”

கஃபார் உட்காரவில்லை. ராஜாம்பாளுக்குப் பக்கத்தில் போய் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். மயில் தோகை விரித்தது, மூடியது. பச்சை, நீலம், நடுவில் பொன். வேலைப்பாடு மோசமில்லை.

“எப்படி இருக்கு பாய்?”

“நல்லாத்தான் இருக்கு” என்றார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செல்வகுமார் அதைக் கேட்டு உள்ளே இருந்த வாடிக்கையாளர்கள் பக்கம் பெருமையோடு திரும்பினான். அந்த ஒரு நொடியில் கஃபாரின் இடது கை தன்பாட்டுக்கு மேலே போயிற்று. எந்த நகையைக் கண்டாலும் மறைவான ஓர் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. அட்டையின் கீழ்மூலையில் மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். கையைக் கீழே கொண்டுவந்து நகத்தைப் பார்த்தார். உடனே கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடிக்கொண்டார்.

“வரேம்பா” என்றார் செல்வகுமாரிடம், மிகுந்த அன்போடு.

வீதியைக் கடந்து தன் கடைக்கு வந்து, பெட்டிக்குப் பின்னால் போய், ரமீஜாவைக் கண்ணால் கூப்பிட்டார். அவள் குனிந்தாள். இடது கையைத் திறந்து காட்டினார். நகத்தில் மஞ்சள் பொடி அப்பியிருந்தது.

“என்னாங்க இது?”

“மயிலு.” அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நகத்தால ஒரு இழுப்புதான் ரமீஜா. பூச்சு அரை மைக்ரான்கூட இல்ல.”

ரமீஜா அந்த விரலைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அவளும் சிரித்தாள். பிறகு கேரியரைத் திறந்து மத்தியானத்துச் சோற்றைத் தட்டில் போட்டாள். “கைய கழுவிக்கினு வாங்க. மத்தியானமும் சாப்புடல.”

கஃபார் வலது கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இடது கட்டைவிரலை மேஜைமேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். தட்டு காலியானதும், “இன்னும் கொஞ்சம் போடு” என்றார்.